வெறுமையாகக் கிடந்த சோற்றுக் கட்டம்

பதினொரு நாள் ஒரு பெண்ணைப் பட்டினி போட்டவன் நான். அவருடைய இடக்கையைத் திருத்துவதற்காகச் செய்தேன். கை திருந்தியது உண்மை. அதற்காக நான் செய்தது சரியென்று ஆகிவிடாது. ஆய்வேட்டில் இதை எழுத விடவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்தான். இயன்மருத்துவம் படித்தவன். போர் கொஞ்சம் ஓய்ந்து, சமாதானம் பேசிக்கொண்டிருந்த வருடங்களில் கேகாலை மாவட்டத்தில் ரப்பர் மரங்களுக்கு நடுவே இருந்த ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன். பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோனவர்களுக்குக் கைகால் பயிற்சி கொடுப்பது வேலை. எங்கள் பிரிவில் வேலை செய்தவர்களில் தமிழன் நான் ஒருவன்தான்.

இரும்புக் கடை ஒன்றுக்கு மேலே வாடகை அறை. வீட்டுக்காரர் சிங்களவர், நல்ல மனுஷன். அவருக்கும் எனக்கும் இருபது சொல்லுக்கு மேல் பேச்சில்லை. மிச்சத்துக்குச் சிரிப்பார். பொழுதுபட்டதும் கடையில் சோற்றுப் பார்சல் வாங்கி, கட்டிலில் இருந்து மடியில் விரித்துக் கரண்டியால் சாப்பிடுவேன். அறைக்குள் குழாய் இல்லை. கை கழுவுவதென்றால் கீழே இறங்கவேண்டும். இறங்கினால் நாய் குரைக்கும். நாய் குரைத்தால் வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார். அவர் பார்த்தால் நான் சிரிக்கவேண்டும். அந்த அலுப்புக்குப் பஞ்சிப்பட்டுத்தான் கரண்டி. இரண்டு வருடம் அப்படியே போனது.

தோட்டங்களில் இருந்து தமிழ் நோயாளிகள் வருவார்கள். "எப்பிடி இருக்கிறியள்?" என்று கேட்பேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் பதில் சொல்வார்கள். ஒருநாள் எரிச்சல் தாங்காமல் ஒரு கிழவரிடம் கத்தினேன்.

"நான் தமிழ்தானே கதைக்கிறன்?"

"தமிழ்தானுங்க," என்றார் அவர். "ஆனா பெரிய எடத்துத் தமிழு. எங்களுக்குச் சிங்களம்தான் சொகமா வருது."

சொந்த மொழிக்காரரோடும் பேச முடியாதவன் என்னதான் செய்வான்? மேற்படிப்புக்கு விண்ணப்பித்தேன். ஆய்வு செய்யவேண்டும் என்றார்கள். சரி, செய்வோம் என்று இறங்கினேன்.

ஆய்வு இதுதான். மூளையில் செத்த பகுதி செத்ததுதான். ஆனால் பக்கத்தில் உயிரோடு இருக்கிற பகுதி அந்த வேலையைப் பழகிக்கொள்ளும். பழகுவதற்கு அதற்கு வேலை கொடுக்கவேண்டும். நோயாளிகள் கொடுப்பதில்லை. நல்ல கை ஓடிப்போய் எல்லாவற்றையும் செய்துவிடும். விழுந்த கை மடியில் கிடந்து கிடந்து, அசையக்கூடிய கொஞ்சத்தையும் மறந்துவிடும். வெளிநாட்டுக்காரர் இதற்கு ஒரு வழி கண்டிருந்தார்கள்: நல்ல கையைக் கட்டிப்போடு. இரண்டு வாரம், விழித்திருக்கிற நேரம் முழுக்க. அப்போது விழுந்த கை வேறு வழியில்லாமல் எழும்பும். ஆஸ்பத்திரியில் நடக்கிற இது தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கிற லயத்திலும் நடக்குமா என்று பார்ப்பது என் வேலை.

கடைத்தெருத் தையல்காரரிடம் தடித்த துணியில், விரல்கள் பிரியாமல் கை முழுக்க மூடுகிற உறைகள் தைப்பித்தேன். மணிக்கட்டில் இறுக்கிக் கட்ட நாடா. தையல்காரர் இரண்டு தடவை கேட்டார், இது எந்த விளையாட்டுக்கு என்று.

நான் பட்டினி போட்ட அந்த அம்மா தெரணியகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் செத்துப் பல வருடம். ஒரே மகளை நிவித்திகலப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கட்டிக்கொடுத்திருந்தார். லயத்தில் ஒற்றை அறைக் காம்பரா ஒன்றில் தனியாக இருந்தார். வாதம் இடப்பக்கத்தைப் பிடித்தது. கால் முக்கால்வாசி தேறியது. இடக்கையில் மணிக்கட்டும் இரண்டு விரல்களும் கொஞ்சம் அசைந்தன, அவ்வளவுதான். எனக்குத் தேவையான ஆள்.

அவருக்கு நான் தேவைப்பட்ட காரணம் வேறு. தோட்டத்துச் சட்டம் எளிது: வேலைக்குப் பேர் பதிந்தவருக்குத்தான் காம்பரா. கொழுந்து பறிக்க இரண்டு கையும் வேண்டும். மலையில் வேலையை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளை வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். மருத்துவ லீவு முடிகிற அன்று மலைக்கு வரவேண்டும், இரண்டு கையாலும் கொழுந்து எடுத்துக் காட்டவேண்டும். எடுத்தால் பேர் இருக்கும். இல்லாவிட்டால் வெட்டுவார்கள், காம்பரா வேறு குடும்பத்துக்குப் போகும். அதற்கு மூன்று வாரம் இருந்தது.

"மகளிட்டப் போய் இருக்கலாந்தானே?" என்று கேட்டேன். எனக்கு இங்கிதமாகப் பேச வராது.

"இருக்கலாமுங்க. மருமகன் நல்லவருதான். ஒரு மூலையில பாயப் போட்டு, இந்தா இருன்னுவாரு." காம்பராக் கதவைப் பார்த்தார். "இங்க நான் சாத்துனா சாத்துனதுங்க. அங்க யாரு கதவ நான் சாத்துறது?"

அந்தக் கதவைச் சாத்தவும் அப்போது அவரால் முடியவில்லை. மழையில் உப்பிப்போன பலகைக் கதவு. ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு மறு கையால் பூட்டைக் கொளுவவேண்டும். இடக்கை விழுந்ததில் இருந்து ஒரு கயிற்றுச் சுருக்கை ஆணியில் மாட்டி வைத்திருந்தார். பூட்டு உள்ளே அலமாரியில் துருப்பிடித்துக் கிடந்தது.

நான் உறையைக் கட்டிய நாள் நல்ல மழை. பஸ் பிந்தி, முச்சக்கரவண்டிக்காரன் பாதி வழியில் இறக்கிவிட்டு, சேற்றில் நடந்து வந்திருந்தேன். அவருடைய வலக்கைக்கு உறையை மாட்டி நாடாவை இறுக்கினேன். இரண்டு வாரத்துக்கு, காலையில் எழும்பினதில் இருந்து படுக்கைக்குப் போகும்வரை இது கையில் இருக்கவேண்டும் என்றேன். பக்கத்தில் இருக்கிறவர்கள் எந்த உதவியும் செய்யக்கூடாது என்றேன். பக்கத்துக் காம்பராக்காரி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"நடுவுல ஒண்ணுக்கும் கழட்டக்கூடாதுங்களா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"ஒண்டுக்கும் கழட்டக்கூடாது."

"காப்பு மாதிரிங்களா?"

சேறு சப்பாத்துக்குள் போயிருந்தது. திரும்பிப் போகிற பஸ்ஸைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். "ஓம், காப்பு மாதிரித்தான்," என்றேன்.

அம்மன் திருவிழாவுக்கு மஞ்சள் கட்டிக் கையில் கட்டுகிற காப்பு. கட்டினால் திருவிழா முடியும்வரை கழற்றக்கூடாது. அவருக்கு அது தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டே சொன்னேன். பகிடி என்று நினைத்தேன்.

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் ஒரு தாளில் படம் வரைந்து கொடுத்திருந்தேன். சீப்பு, கோப்பை, விளக்குமாறு, வாளி, பூட்டு, சோற்றுத் தட்டு. ஒவ்வொன்றுக்கும் நேரே நாளுக்கு ஒரு கட்டம். அந்த வேலையை இடக்கையால் செய்தால், இடக்கையாலேயே பென்சிலைப் பிடித்து அதில் ஒரு கோடு போடவேண்டும்.

நான்காம் நாள் போனேன். சீப்புக்குக் கோடு, கோப்பைக்குக் கோடு, விளக்குமாற்றுக்குக் கோடு. புழு ஊர்ந்தது போல நெளிந்த கோடுகள்தான், ஆனாலும் இருந்தன. பூட்டுக் கட்டமும் சோற்றுக் கட்டமும் வெறுமை. பூட்டு முடியாது, அது தெரிந்ததுதான்.

"இது ஏன் வெறுமையாக் கிடக்கு?" என்று சோற்றுத் தட்டைத் தொட்டுக் காட்டினேன்.

பென்சிலை எடுத்துத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

நான் குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன்: நுண்ணிய விரல் அசைவு போதாது. பயிற்சி கூட்டவேண்டும். ஒரு தகரப் பேணியும் ஒரு பிடி பருப்பும் கொடுத்து, இடக்கை விரலால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பேணிக்குள் போடச் சொன்னேன்.

எட்டாம் நாள் போனபோது பருப்பை நெல் பொறுக்குகிற குருவி மாதிரிப் பொறுக்கினார். கோடுகள் நிமிர்ந்திருந்தன. நான் அளந்து அளந்து எழுதினேன். மனது துள்ளியது. உறைக்குள் இருந்த வலக்கையை நான் ஒருமுறையும் பார்க்கவில்லை. அது நல்ல கை, எனக்கு அதில் வேலை இல்லை. அவருடைய கன்னம் வற்றியிருந்ததையும் பார்க்கவில்லை. பருப்பைப் பொறுக்கத் தெரிந்த விரல் சோற்றை எடுக்காதா என்று ஒரு முட்டாளும் யோசித்திருப்பான். நான் யோசிக்கவில்லை. சோற்றுக் கட்டம் எட்டு நாளும் வெறுமையாகவே இருந்தது. நான் அதற்கு நேரே 'தொடர்ந்தும் சிரமம்' என்று எழுதிவிட்டு பஸ்ஸைப் பிடித்தேன்.

பதினோராம் நாள் லயத்துக்கு ஏறும்போதே பக்கத்துக் காம்பராக்காரி வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றார்.

"வாங்க டாக்டரய்யா, வாங்க. செத்துட்டாளா இருக்காளான்னு எழுதிக்கிட்டுப் போக வந்தீங்களா?"

நான் டாக்டர் இல்லை என்று அவரிடம் ஏற்கெனவே பலமுறை சொல்லியிருந்தேன். அன்று சொல்லவில்லை.

அந்த அம்மா அவருடைய காம்பராவில் பாயில் கிடந்தார். காலையில் பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனவர், வாளியோடு விழுந்துவிட்டார். அங்கிருந்தவர்கள் தூக்கி வந்திருந்தார்கள். நாடி பார்த்தேன். கண்ணை இழுத்துப் பார்த்தேன். இரண்டாவது வாதமோ என்று பயந்தேன். முகம், கை, கால் எல்லாம் பார்த்தேன். இல்லை.

"என்ன சாப்பிட்டவ?" என்று பக்கத்துக் காம்பராக்காரியிடம் கேட்டேன்.

"சாப்பாடா? ஐயா, நீங்க சோறு திங்கிறவருதானே? எந்தக் கையால திங்கிறீங்க?"

அந்த அம்மாவின் வலக்கை உறையைப் பார்த்தேன்.

"சோத்துக் கைய மூட்டையாக் கட்டிட்டுப் போயிட்டீங்க. மிச்சம் இருக்கிறது கழுவுற கை. அதுல சோத்த அள்ளித் திங்கச் சொல்றீங்களா? பிளேன்டீயும் கஞ்சித் தண்ணியும்தான். டம்ளர இடக்கையால தூக்கலாமில்ல, அது ஒண்ணுதான். நீங்க கட்டுன நாள்லருந்து இதேதான்."

"ராவில கழட்டிப்போட்டுச் சாப்பிட்டிருக்கலாமே. படுக்கும்வரைக்கும் எண்டுதானே சொன்னனான்."

"காப்ப ராவுல கழட்டி, விடிஞ்சதும் கட்டுவாங்களா உங்க ஊர்ல?"

"நீங்களாவது தீத்தி விட்டிருக்கலாம்."

"ஆளு ஒதவி செய்யக்கூடாதுன்னு சொன்ன வாயி யாரு வாயிங்க? அதையும் கேக்காம ஊட்டத்தான் வந்தேன். வாய இறுக்கி மூடிக்கிட்டா. நான் ஊட்டுனா கை வராம போயிருமாம். பேர வெட்டிருவாங்களாம்."

வெறும் வயிற்றில் இரத்த அழுத்தக் குளிசையை மட்டும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். அதையும் நான்தான் வலியுறுத்திச் சொல்லியிருந்தேன்.

என் அம்மா சின்ன வயதில் நான் இடக்கையைச் சோற்றில் வைத்தபோதெல்லாம் அகப்பைக் காம்பால் அடித்தவர். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்திருக்கவேண்டியதில்லை. ஆனால் என்னிடம் இருந்த ஆய்வு விதி, இடக்கையில் முள்ளுக்கரண்டி பிடித்துச் சாப்பிடுகிற ஊர்க்காரர்கள் எழுதியது. அவர்கள் மேல் பிழை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு எங்களைத் தெரியாது. எனக்குத் தெரியும். இரண்டு வருடம் ஒரு கரண்டியோடு தனியே இருந்து, மற்றவர்கள் சாப்பிடுவதைப் பார்க்காமலே இருந்து, எனக்கு அது மறந்துபோயிருந்தது.

நாடாவில் கை வைத்தேன். அந்த அம்மா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"இன்னும் மூணு நாள் இருக்குங்க."

"தேவையில்லை. காணும்."

"நடுவுல கழட்டுனா கை திரும்பப் போயிருங்க. நாளு எண்ணிக்கிட்டு இருக்கேன்."

விஞ்ஞானம் சொன்னேன். மூளை நாள் எண்ணாது என்றேன். பழகினது பழகினதுதான் என்றேன். அவர் உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். பக்கத்துக் காம்பராக்காரிதான் கடைசியில் சொன்னார்.

"கட்டுன ஆளே கழட்டுனா குத்தமில்ல. ஆனா இங்க வச்சிக் கழட்டக்கூடாது."

லயத்துக் கோடியில் ஒரு மரத்தடி. அதில் ஒரு கல், கல்லுக்குச் சிவப்புத் துணி. மழைத் தூறலில் மூன்று பேரும் போனோம். நடுவில் அந்த அம்மா, இரண்டு பக்கமும் நாங்கள் தாங்கிப் பிடித்தபடி. நான் கோயிலுக்குப் போவதை விட்டுப் பல வருடம். பக்கத்துக் காம்பராக்காரி கற்பூரத்தைக் கொளுத்தினார். இரண்டு தடவை அணைந்தது. மூன்றாவது தடவை குடையை நான் பிடித்தேன், எரிந்தது. மஞ்சள் தண்ணீரைத் தெளித்து, "ம், கழட்டுங்க பூசாரி," என்றார். நான் நாடாவை அவிழ்த்தேன். ஈரத்தில் முடிச்சு இறுகிப்போய், பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க முடிந்தது.

உறைக்குள் இருந்து வந்த கை வெளுத்து, சுருங்கி, புளித்த மணம் மணத்தது. குளிக்கும்போதெல்லாம் அதை நனையாமல் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு குளித்தாராம்.

திரும்பி வந்து குழைந்த சோற்றில் பருப்பு ஊற்றி அவர் முன்னால் வைத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடவேண்டும் என்றேன். அதை யாரும் கேட்கவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு மனுஷர் சாப்பிடுவதை அவ்வளவு கிட்ட இருந்து நான் பார்த்து எவ்வளவு காலம் என்று எனக்கு நினைவில்லை. எனக்கும் ஒரு தட்டு வந்தது. கரண்டி கேட்க வாயெடுத்து, மூடிக்கொண்டேன்.

"தின்னுங்க," என்றார் பக்கத்துக் காம்பராக்காரி. "எந்தக் கைன்னு தெரியுமில்ல?"

அந்த அம்மா வாய்ச் சோற்றோடு சிரித்தார். இடப்பக்க உதடு இன்னும் முழுக்க எழும்பாத சிரிப்பு.

அன்றே கூட்டிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் எழுதி, கொழும்பில் இருந்த என் மேற்பார்வையாளரிடம் கொண்டுபோனேன். அவர் இரண்டு பக்கம் வாசித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தார். "விதிப்படி முடிக்காதவர். விலகிக்கொண்டார் என்று போடும்." அவர் விலகவில்லை, நான்தான் பிழை செய்தேன் என்றேன். "உம்முடைய மனச்சாட்சிக்கு அட்டவணையில் நிரல் இல்லை," என்றார். கெட்டிக்காரப் பேச்சு. நான் எழும்பி வந்துவிட்டேன். வரும்போது கதவைக் கொஞ்சம் பலமாகத்தான் சாத்தினேன்.

லீவு முடிந்த அன்று காலை, கூப்பிடாமலே தோட்டத்துக்குப் போனேன். மலைக்குள் வெளியாட்கள் வரக்கூடாது என்று தடுத்ததால் கீழே பாதையில் நின்றேன். மேலே பெண்கள் நிரையாக நின்றார்கள். அந்த அம்மாவை முதுகுக் கூடையின் சாய்வில் அடையாளம் கண்டேன், ஒரு பக்கம் சரிந்திருந்தது. கணக்கப்பிள்ளை அவருக்குப் பின்னால் குடையோடு நின்றார். வலக்கை விறுவிறுவென்று ஓடியது. இடக்கை ஒவ்வொரு கிளையிலும் நின்று யோசித்து, பிறகு கிள்ளியது. யோசித்தது, கிள்ளியது. கூடைக்குள் போகாமல் சிலது கீழே விழுந்தது. அரை மணித்தியாலம் இருக்கும். எனக்குக் கழுத்து வலித்தது. அங்கே பார்த்ததை ஒன்றையும் நான் அளந்து எழுதவில்லை.

கணக்கப்பிள்ளை இறங்கி வந்தார். என்னைக் கடக்கும்போது நின்றார்.

"மெதுவாத்தான் ஓடுது," என்றார். "ஓடுது. பேரு இருக்கட்டும்னு தொரகிட்ட சொல்றேன்."

அந்த அம்மா மேலே இருந்து என்னைப் பார்த்தாரா என்று தெரியாது. அடுத்த நிரைக்குத் திரும்பிவிட்டார்.

ஆய்வு விதிப்படி மூன்று மாதம் கழித்து ஒருமுறை அளக்கவேண்டும். அவரை ஆய்வில் இருந்து வெட்டியாகிவிட்டது, அளக்கத் தேவையில்லை. ஆனாலும் போனேன். பழைய படத்தாளில் ஒரு புதுப் பிரதியும் கொண்டுபோனேன். எதற்கு என்று கேட்டால் சரியான பதில் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமையும் அறையில் இருக்க எனக்குப் பிடிப்பதில்லை.

லயத்தில் ஆள் நடமாட்டம் குறைவு. பக்கத்துக் காம்பராக்காரி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"அவ இல்லீங்களே. இன்னிக்கும் கொழுந்து இருக்குன்னு மலைக்குப் போயிட்டா."

"நான் வருவன் எண்டு போன கிழமை சொல்லி அனுப்பினனானே?"

"சொன்னேங்க. வேலைக்குப் போறவளுக்கு ஏதுடி நேரம், ஐயாவ பெறகு வரச் சொல்லுன்னா." துணியை உதறினார். "பிளேன்டீ குடிக்கிறீங்களா? ரெண்டு கையும் சும்மாதானே இருக்கு."

வேண்டாம் என்றேன். குடித்திருக்கலாம்.

அந்த அம்மாவின் காம்பரா வாசலுக்குப் போனேன். கயிற்றைக் காணவில்லை. ஆணி மட்டும் இருந்தது. உப்பிய கதவு நிலையோடு இறுக்கி இழுக்கப்பட்டு, வளையத்தில் அந்தப் பழைய பூட்டு தொங்கியது. துருவைத் துடைத்து எண்ணெய் போட்டிருந்தார். இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. வலக்கை பூட்டைக் கொளுவ, இடக்கை கதவை விடாமல் பிடித்திருக்கிறது. என்னிடம் இருந்த எந்தக் கருவியும் அதை இவ்வளவு சரியாக அளந்திருக்காது.

படியில் கொஞ்ச நேரம் இருந்தேன். வருவார் என்று இல்லை, பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. பிறகு தாளை எடுத்து, பூட்டுப் படத்துக்கு நேரே நானே ஒரு கோடு போட்டேன். மற்றக் கட்டங்களை விட்டுவிட்டு, தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பாதைக்கு இறங்கினேன்.